நூறு எடுத்த வயல்

"இதுதான் அந்த வயலா?" என்று வேனிலிருந்து முதலில் இறங்கியவர் கேட்டார்.

"இதேதான்," என்றாள் வளர்மதி.

"ஒண்ணுமே இல்லையே இதுல."

"சித்திரை மாசத்துல என்ன இருக்கும்? தாளடி அறுத்தாச்சு, உளுந்தும் எடுத்தாச்சு. இனி குறுவைக்குத்தான் தண்ணி."

ஒன்றுமில்லாத வயலைத்தான் அவர்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். இருபது பேர் இருக்கும். ஒருவர் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிரசாதம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோவார் போலிருக்கிறது.

நொச்சிக்குடி வாய்க்காலில் நூறு எடுத்த வயல் அது ஒன்றுதான். அணை நிறைவது நின்றுபோன பிறகு, இருக்கிற தண்ணீரை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க நீர்ப் பங்கீட்டு ஆணையம் வந்தது. ஆணையத்தோடு எண் வந்தது. ஒவ்வொரு வயலின் மடையிலும் ஒரு கண் பொருத்தினார்கள். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். உரம் வாங்கினால் கடையிலேயே வயலின் கணக்கில் ஏறிவிடும். அறுப்பு மிஷினே நெல்லை நிறுத்துச் சொல்லிவிடும். போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பார்த்து வயலுக்கு ஓர் எண் விழும். அறுபத்தைந்துக்குக் கீழே விழுந்தால் மடை மூடிவிடும். அதற்கு ஆணையம் வைத்த பெயர் ஓய்வு. ஓய்வுக்குப் போன வயல் மறுபடி வரிசைக்குள் வர ஐந்து வருஷம் ஆகும். அதற்குள் அங்கே கருவேலம் தலைக்கு மேல் நிற்கும்.

"உரம் என்னாம்மா போட்டீங்க?" என்றார் கைக்குட்டைக்காரர்.

"மத்தவங்க போடுறதுல பாதிகூட இல்ல. மண்ணு கேக்குறப்ப மட்டும் போடணும். சும்மா வாரி இறைக்கப்படாது."

"தண்ணி?"

"அதுவும் அப்படித்தான். நான் மடையைத் திறக்குறதே எப்பவாச்சும்தான்."

நூறு எடுத்த வயலைப் பார்த்துக் கற்றுவர ஆணையம் விவசாயிகளை ஏற்றி அனுப்புகிற பல வேன்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் முதுகு தானாக நிமிரும். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. புருஷன் போன பிறகு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டவள் அவள். அந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. சீரும் செனத்தியும் வாங்கிக்கொண்டு போன பெண், அண்ணன் நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும். வளர்மதி போடவில்லை. கோர்ட்டுக்குப் போனாள். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. ஆனால் பாகம் பிரிக்கும்போது அண்ணன் அறவாழி மேட்டு வயலை வைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்குகிற பள்ளக்கால் வயலை அவள் பக்கம் தள்ளினார். 'இந்தா, எடுத்துக்க' என்று அவர் அன்றைக்குச் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அந்தப் பள்ளத்தில் நூறு எடுத்தவள் முதுகு நிமிராமல் என்ன செய்யும்?

வேன் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெரியவர் மட்டும் நின்று, வரப்புக்கு மேலே பார்த்தார்.

"மேல யாரு வயலும்மா?"

"எங்க அண்ணன் வயலு."

"அவருக்கு எத்தினி?"

"தெரியாதுங்க. பேச்சுவார்த்தை இல்ல."

"கொடுத்துவச்சவங்க நீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

*

அண்ணனுக்கு எவ்வளவு என்று வைகாசியில் தெரிந்தது. அதைச் சொல்ல வந்தவள் அண்ணன் மனைவி கஸ்தூரி. பாகம் பிரித்ததிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்காதவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து நின்றாள்.

"என்ன வளரு, நூறு மார்க்கு மகாராணி! சௌக்கியமா?"

"வாங்க அண்ணி. உக்காருங்க."

"உக்கார வரல. உங்க அண்ணனுக்கு அம்பத்தெட்டு. மடையை மூடப்போறான். கேள்விப்பட்டியா?"

வளர்மதி கேள்விப்படவில்லை. "அம்பத்தெட்டா? நெல்லு நல்லாத்தானே வந்துச்சு?"

"வந்துச்சு. உன்னோடது மாதிரியேதான் வந்துச்சு. ஆனா நீ ஒரு மூட்டை யூரியா போட்ட எடத்துல அவரு ரெண்டரை மூட்டை போட்டிருக்காராம். நீ விட்ட தண்ணியில மூணு பங்கு விட்டிருக்காராம். பக்கத்துப் பொம்பள எடுக்குறா, உனக்கு என்ன கேடுன்னு மிஷினு கேக்குது."

"நான் என்ன அண்ணி பண்றது அதுக்கு? எனக்குத் தெரிஞ்ச விவசாயத்த நான் பண்றேன்."

"அடேங்கப்பா!" கஸ்தூரி சிரித்தாள். "உன் விவசாயம்! நம்ம வரப்புல வடக்கு மூலையில வாமடை ஒண்ணு இருக்கே, அது என்னான்னு தெரியுமா உனக்கு?"

வரப்பை வெட்டி, மேல் வயலில் மிஞ்சின தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்க விடுகிற வாய்தான் வாமடை. அந்த வாய்க்காலில் எல்லா வரப்பிலும் ஒன்று உண்டு. தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் வயலுக்கு வயல் அப்படித்தான் இறங்குகிறது.

"அது தெரியாமயா?"

"அப்பத் தெரிஞ்சுதான் வேன்காரனுக்கெல்லாம் பாடம் எடுக்குறியா? உங்க அண்ணன் யூரியா போட்ட அடுத்தடுத்த நாளு அந்த வாமடை வழியா என்ன இறங்குது? வெறும் தண்ணியா? உன் வயல்ல பச்சையா நிக்குதே, அது எங்க யூரியாடி. மடையை நீ எதுக்குத் திறக்கணும்? எங்க மடைதான் உனக்கும் சேத்துத் திறக்குதே."

வளர்மதிக்கு முகம் சுட்டது. "சும்மா ஒண்ணும் விடலியே. தண்ணி வடியலேன்னா உங்க பயிரு அழுகிடும். வடிய வேற வழி கிடையாது உங்களுக்கு. அதான் விடுறீங்க."

"ஆமா. இல்லேங்கல. ஆனா மண்ணுல மூங்கில் கொழாயப் பொதைச்சு வாய்க்காலுக்கே திருப்பிவிடச் சொல்லி நான் எத்தினியோ தடவை சொன்னேன். கேட்டாரா அவரு? 'பேசலேன்னா பேசல. அதுக்காக வாமடையை அடைக்கிறதா'ன்னாரு. பேச்சை நிறுத்தினாரு, தண்ணிய நிறுத்தல." கஸ்தூரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் சண்டைக்கு வரல வளரு. நீ போய் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. தண்ணி அங்கேருந்து வருதுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"அண்ணன் அனுப்பிச்சாரா?"

"அவரு அனுப்புவாரா? நான் இங்க வந்தது தெரிஞ்சா என்னையும் சேத்து மூடிடுவாரு."

*

அந்தப் பொண்ணு என்று கஸ்தூரி சொன்னது ஆணையத்தின் அளவை அலுவலர் ஃபர்சானாவை. நாகூர்ப் பெண். தலைமடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் அலுவலகம். ஒரு திரை, ஒரு மின்விசிறி, ஒரு மண்பானை.

வளர்மதி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் குறுக்கே பேசவில்லை.

"தெரியும்மா," என்றாள் கடைசியில்.

"தெரியுமா?"

"வந்த முதல் மாசமே வரப்புல நடந்து பார்த்தேன். மேலதிகாரிக்கு எழுதினேன். வாமடையில கண்ணு வைக்க நமக்கு உரிமை இல்ல, அது ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல உள்ள வழக்கம்னு பதில் வந்துச்சு. கீழ் வயல்காரங்களே வந்து, 'எனக்கு இங்கேருந்து தண்ணி வருது'ன்னு சொன்னா அளந்துக்கலாம். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"ஏன் சொல்லல?"

ஃபர்சானா அவளைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா சொல்லல?"

வளர்மதி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"சரி, நான் சொன்னா என்ன ஆகும்?"

"வாங்க, போட்டே பாத்துடலாம்." ஃபர்சானா திரையைத் திருப்பினாள். "முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இது பரீட்சை மார்க்கு மாதிரி இல்ல. இத்தனை விளைஞ்சா நூறுன்னு யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கல. இந்த வாய்க்கால்லயே குறைச்சலாப் போட்டு நிறைய எடுக்கிற வயலு எதுவோ, அதுதான் நூறு. மத்ததெல்லாம் அதுல எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பாக்குறது. இப்ப அந்த வயலு உங்களோடது. உங்களை வச்சுத்தான் எல்லாரையும் அளக்குது."

"எல்லாரையுமா?"

"இந்தத் தடவை பதினோரு மடை மூடுறோம். பதினொண்ணும் உங்க வயலோட ஒப்பிட்டு விழுந்ததுதாம்மா."

வளர்மதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஒருவர் என்றுதான் நினைத்து வந்திருந்தாள்.

ஃபர்சானா விரலால் இரண்டு இடங்களில் தொட்டாள். எண்கள் கலைந்து மறுபடி உட்கார்ந்தன. "வாமடை வழியா வர்ற தண்ணியையும் உரத்தையும் உங்க கணக்குல ஏத்தினா, உங்க அண்ணனுக்கு எழுபத்தொன்பது. மத்த பத்துப் பேரும் தப்பிச்சுடுறாங்க."

"எனக்கு?"

"அறுபத்தொண்ணு."

மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

"அப்ப என் மடை மூடிடும்."

"மூடிடும். ஆனா ஒண்ணு இருக்கும்மா. மடையைத்தான் மூடுவோம், பயிர் வைக்கக்கூடாதுன்னு சட்டம் இல்ல. உங்க அண்ணன் வயல்லேருந்து வடியிற தண்ணி வந்துக்கிட்டுத்தான் இருக்கும். அதை வச்சே நீங்க குறுவை போடலாம்."

"அவரு விட்டா."

"ஆமா. அவரு விட்டா."

இதைவிட வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வளர்மதி தாங்கியிருப்பாள். அண்ணன் கையைப் பார்த்து வாழக்கூடாது என்றுதான் அவள் கோர்ட்டுப் படி ஏறினாள். ஊர் பேசியதைக் கேட்டுக்கொண்டாள், பெற்ற அம்மா சாகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாததையும் பொறுத்துக்கொண்டாள். இப்போது வாயைத் திறந்தால் அந்தக் கையையே பார்த்து நிற்கவேண்டும். திறக்காவிட்டால் பதினோரு வயலில் கருவேலம் முளைக்கும்.

"யோசிச்சுட்டு வாங்க," என்றாள் ஃபர்சானா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டியல் திறந்திருக்கும்."

*

யோசிக்க அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மேட்டு வயலுக்குப் போனாள். அறவாழி வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"அண்ணே."

அவர் மறுபடி வெட்டத் தொடங்கினார்.

"உனக்கு மடை மூடுறாங்களாமே."

"மூடினா மூடிட்டுப் போறான்."

"நான் போய்ச் சொல்லிட்டா திறந்துடுவாங்க. அந்தப் பொண்ணு கணக்குப் போட்டுக் காட்டுச்சு."

"கஸ்தூரி வந்தாளா அங்க?" என்றார். பிறகு, "வேணாம். உன் தயவுல என் மடை திறக்க வேணாம்."

"இத்தினி வருஷமா உன் தயவுலதான் என் வயலு பச்சையா நின்னுச்சாம். உனக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு ரோசம்?"

அறவாழி ஒரு கட்டி மண்ணை மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தார். "யாரு சொன்னா என் தயவுன்னு? வாமடை அப்பா வெட்டினது. நான் ஒண்ணும் புதுசா வெட்டி விடல."

"நீ அடைச்சிருக்கலாமே."

"அடைச்சிருக்கலாம்."

"ஏன் அடைக்கல?"

"தண்ணி போற வழி அது. அதுல போயி என்னத்த கோவத்தைக் காட்டுறது?" என்றார். இன்னொரு கட்டியை உடைத்துவிட்டு, "சொன்னா உனக்கு எத்தினி வரும்?" என்று கேட்டார்.

"அறுபத்தொண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தொன்று என்றால் என்ன என்று வாய்க்காலில் தெரியாதவர்கள் இல்லை.

"கிறுக்கச்சி," என்றார்.

அவள் வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

*

ஆனியில் தண்ணீர் வந்தது. பதினோரு மடை திறந்தது, ஒன்று மட்டும் மூடியது. ஊரில் எல்லாரும் அவளிடம் தனி மரியாதையாக நடந்துகொண்டார்கள். தப்பித்த பத்துப் பேரில் ஒருவரான வடகோடிக் கலியபெருமாள் ஒரு குலை இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வேன்கள் வருவது நின்றது. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது. முன்பு நாள் தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்த பாடத்தை ஒருநாள் சாணி கரைக்கும்போது தன்னையறியாமல் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்று நட்டாள். நட்ட பிறகு வேலை ஒன்றுதான். மேலே பார்ப்பது. அண்ணன் வயலில் தண்ணீர் ஏறுகிறதா, வாமடை வரைக்கும் வந்துவிட்டதா, இறங்குமா என்று பார்ப்பது. இறங்கும் சத்தம் கேட்டால் மனசு ஆறும். ஆறுகிறதே என்று அப்புறம் கோபம் வரும்.

அறவாழியின் போனுக்கு வாரம் தவறாமல் ஆணையத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கஸ்தூரிதான் அதைச் சத்தமாக வைத்துக் கேட்பாள். 'தங்கள் வயலிலிருந்து நீர் வெளியேறுகிறது. வாமடையை அடைத்தால் தங்கள் எண் உயரும். நன்றி.'

"நன்றியாம்," என்பாள் கஸ்தூரி. "அடைக்கச் சொல்லி நன்றி வேற சொல்றான்."

"ஆஃப் பண்ணு அதை."

"எழுபத்தொன்பதுலேருந்து எழுபதுக்கு வந்துட்டீங்க. அவ வயலு ஓய்வுல இருக்குறதால இறங்குற தண்ணியெல்லாம் இப்ப உங்க கணக்குலதானாம். இன்னும் இறங்கினா?"

"தண்ணி நின்னா வேரு அழுகும். மிஷினுக்கென்ன, அதுக்கு வேரா இருக்கு?"

கஸ்தூரி இதை வந்து வளர்மதியிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தாள். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போகிறாள். "உன் பயிரு நல்லாயிருக்கு வளரு," என்றாள் ஒருநாள். "எங்களதைவிட நல்லாயிருக்கு. வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, என்ன பண்றது?"

*

புரட்டாசியில் அறுப்பு மிஷின் வந்தது. ஓட்டுகிறவர் ஆத்தூர்ப் பக்கம். மேட்டு வயலை அறுத்து முடித்து, பள்ளக்காலில் இறங்கப் போனவர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இந்த வயல் ஓய்வுன்னு காட்டுதே."

"ஆமா. பயிரு இருக்கே, தெரியலியா?"

"எனக்குத் தெரியுது. வண்டிக்குத் தெரியலியே. ஓய்வு வயல்ல அறுத்தா நெல்லுக்கு எண் விழாது. எண் இல்லாம கொள்முதல்ல ஒரு மூட்டைகூட எடுக்க மாட்டாங்க."

வளர்மதிக்கு இது தெரியாது. ஃபர்சானாவும் சொல்லவில்லை. அவளுக்கும் தோன்றியிருக்காது. தண்ணீரைப் பற்றியேதான் எல்லாரும் பேசினார்கள், நெல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அப்ப என்னதான் பண்றது?"

"வழியெல்லாம் இதான் நடக்குது," என்றார் ஓட்டுநர், குரலைக் கூடத் தாழ்த்தாமல். "பக்கத்து வயலோட எண்ணைப் போட்டு அறுத்துடுவோம். நெல்லு அவங்க பேருல ஏறிடும். வித்து வர்றதை உங்களுக்குள்ள பிரிச்சுக்கங்க. அண்ணன் தங்கச்சிதானே?"

அறவாழி வரப்பில் நின்றிருந்தார். தங்கையைப் பார்த்தார். "என்ன சொல்ற?"

"உனக்குத்தான் எண்ணு இறங்கிக்கிட்டே வருதுங்குறாங்க அண்ணி. இதுவும் சேர்ந்தா ஏறும்."

"உன் நெல்லு என் பேருல போகும். பரவால்லியா?"

பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பட்டாவில் தன் பெயரைப் பார்ப்பதற்காக எத்தனை ஆபீஸ் ஏறியிருப்பாள்! ஆனால் நெல் நின்றுகொண்டிருந்தது. மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"அறுக்கச் சொல்லு," என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் கஸ்தூரி வீட்டில்தான் சாப்பாடு. கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. அறவாழி சாப்பிட்டுக்கொண்டே, "குழம்பை அவளுக்கு ஊத்து," என்றார். நேராக அவளிடம் 'போட்டுக்கொள்' என்று சொல்ல இன்னும் வரவில்லை. ஆனாலும் மூன்று பேருக்கும் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததாகத் தோன்றவில்லை.

*

அடுத்த பட்டியல் வெளியாகிற அன்று தலைமடைக் கொட்டகை வாசலில் கூட்டம். உள்ளே இருந்த திரையை ஃபர்சானா வெளியே எடுத்துவந்து பெஞ்சின் மேல் வைத்திருந்தாள்.

முதல் வரியில் அறவாழி. நூறு.

"அடியம்மா!" என்று கஸ்தூரி வாயில் கை வைத்தாள்.

அப்புறம் மற்ற பெயர்கள் வரத் தொடங்கின. அறுபத்திரண்டு. ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்று. கலியபெருமாளுக்கு நாற்பத்தொன்பது. பெயர் வர வரக் கூட்டத்தில் பேச்சுக் குறைந்தது. போனமுறை தப்பித்த அத்தனை பேரும் கீழே கிடந்தார்கள். எப்போதும் தப்பிக்கிறவர்களும் கிடந்தார்கள். ஒருவர் தப்பவில்லை என்று சொல்லிவிடலாம்.

வளர்மதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வயலுக்குப் போட்ட தண்ணீரில், ஒரு வயலுக்குப் போட்ட உரத்தில், இரண்டு வயல் நெல். அப்படி ஒரு வயல் உலகத்திலேயே கிடையாது. அந்த இல்லாத வயலை வைத்துத்தான் இப்போது வாய்க்கால் முழுவதையும் அளந்திருக்கிறது.

யாராவது சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கலியபெருமாள் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அறவாழிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அறவாழி, என்னப்பா போட்ட?" என்றார். "சொல்லேன். விதையா, நுண்ணூட்டமா, என்னாது? நானும் அதையே போட்டுப் பாக்குறேன். அஞ்சு வருஷம் கழிச்சு வரிசைக்குள்ள வந்தாலும் அப்பவாச்சும் போடலாம்ல."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அறவாழி தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அடுத்த வாரம் உங்க வயலுக்கு வேன் வருது," என்றாள் ஃபர்சானா திரையைப் பார்த்தபடியே. அதைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. "நான் சொல்லல. தானா பதிவாயிடுச்சு."

கஸ்தூரி வளர்மதியின் முழங்கையைக் கிள்ளினாள். "வா, போயிடலாம்," என்றாள் மெதுவாக. "தாளடி முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

தாளடி முடிவதற்குள் கலியபெருமாள் வயல் என்ன ஆகும் என்று கஸ்தூரிக்கும் தெரியும். வளர்மதி அசையவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. சொன்னால் அவர் மடையும் போகலாம். அவர் மடை போனால் வாமடையில் இறங்க எதுவும் இருக்காது. தன் பயிரும் போகும். இரண்டு வயலுமே போகலாம்.

"அதுல பாதி என் நெல்லு," என்றாள்.

ஃபர்சானா திரும்பினாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"எங்க அண்ணன் பேருல ஏறியிருக்கிற நெல்லுல பாதி என் வயல்ல விளைஞ்சது. மிஷின்காரன்கிட்ட நான்தான் அறுக்கச் சொன்னேன்."

அறவாழி தலையை நிமிர்த்தினார். முகம் சிவந்திருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தங்கையைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"பாதியா?"

"பாதிதான்."

"எப்படிப் பாதியாகும்? கிழக்கு ஓரத்துல எலி அடிச்சிருந்துச்சே உனக்கு. ஒரு சால் முழுக்க வெறும் வைக்கோலு."

"எலி உனக்கும்தான் அடிச்சுது. என் கதிரு கனம். அண்ணியைக் கேளு. வயித்தெரிச்சலா இருக்குன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது," என்றாள் கஸ்தூரி.

"அஞ்சுல ரெண்டு," என்றார் அறவாழி. "ரெண்டுக்கு மேல ஒரு மரக்கா கிடையாது."

"முடியாது. பாதி."

"எப்பப் பாத்தாலும் பாதி பாதின்னே நிப்பியா நீ?"

"என்னுது பாதின்னா பாதின்னுதானே நிக்கணும்!"

"யோவ்," என்றார் கலியபெருமாள், துண்டை உதறிக்கொண்டு. "முதல்ல ஒரு பங்கைச் சொல்லித் தொலைங்கய்யா. என் மடையை மூடப்போறான்!"

யாரோ சிரித்தார்கள். ஃபர்சானா சிரிக்கவில்லை. விரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லிடுறேன்," என்றாள். "இதை மாத்தினா ஐயா எண் எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது. அறுபத்தஞ்சுக்கு மேல நின்னாலும் நிக்கலாம். நிக்காமலும் போகலாம். பேரை மாத்தி அறுத்தது தப்புன்னு வேற ஒரு கடிதம் வரும். அது ரெண்டு பேருக்கும் வரும்."

அறவாழி துண்டால் முகத்தைத் துடைத்தார். தலைமடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாகத் தங்கையைப் பார்த்தார்.

"பாதின்னே போடும்மா," என்றார். "இல்லேன்னா இவ விடமாட்டா."

ஃபர்சானா தொட்டாள். கணக்கு முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. திரையில் எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. பெயர்கள் மட்டும், பக்கத்தில் ஒன்றுமில்லாமல், வரிசையாக நின்றன.